தொட்டிலும் இடாப்பும்

திருக்கோணமலை மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்போர் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை அறிவர். பெயர் கல்வெட்டாயினும் அது கல்லிலே வெட்டப்பட்டதன்று. கவிராச வரோதயர் பாட்டும் உரைநடையும் விரவ ஆக்கியது. கோணேசர் ஆலயத்திலே எவர் எந்தத் தொழும்பினைச் செய்தற்குரியர், அவர்க்குள்ள உரிமை யாது என்பவற்றைத் தானத்தார், வரிப்பத்தார் எனப் பகுத்து அந்நூல் உரைக்கின்றது. 1624 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அவ்வாலயத்தை இடித்தழித்தனர். மரபு அழியவில்லை, தம்பலகாமத்திலே எழுந்த ஆதி கோணநாயகர் ஆலயம் அதனைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய ஒழுங்கு முழுவதும் ஒரேயொரு நம்பிக்கையின்மேல் நிற்பது. குடி தொடரும், தொண்டு செய்தற்கு அடுத்த தலைமுறையிலும் ஆள் இருக்கும் என்பதே அது. இன்று அவ்வூரிலே ஒரு பிள்ளை அல்லது இரு பிள்ளைகள் மட்டுமே உள்ள வீடுகள் பல. அவருள் ஒருவர் கொழும்பிலும் மற்றவர் கடல் கடந்தும் இருத்தல் புதுமையன்று. திருவிழாவுக்கு இம்முறை எவர் வருவார் என்று வீட்டார் தொலைபேசியிலே கேட்டறிய வேண்டியிருக்கின்றது. நாட்டின் பிறப்பு வீதம் குறைகின்றது என்று பத்திரிகைகள் எழுதும்பொழுதெல்லாம் எனக்கு முதலிலே நினைவு வருவது இந்தத் தொலைபேசிக் கேள்விதான்.

எண்களையும் பார்ப்போம். 1963 ஆம் ஆண்டளவில் இலங்கைப் பெண் ஒருத்தி தன் வாழ்நாளிற் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றாள். 1980களின் தொடக்கத்தில் அது 3.4 அளவுக்கு இறங்கியது. 2016 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீடு 2.2 என்றது. ஒரு தலைமுறை தன்னளவே இன்னொரு தலைமுறையை விட்டுச்செல்ல 2.1 வேண்டும் என்பது கணக்கு. அதன்பின் நிகழ்ந்த இறக்கம் இன்னும் விரைவானது. 2013 இலே நாட்டிற் பதிவான பிறப்புகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 65 ஆயிரம். 2024 இலே ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம். பதினோராண்டுகளிற் பத்துத் தொட்டில்களில் நான்கு வெறுமையாயின என்று இதனைச் சொல்லலாம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே பதினைந்து வயதுக்குட்பட்டோர் நூற்றுக்கு 25 பேர். 2024 இல் அவர் 21 பேரளவினர். அறுபத்தைந்தைக் கடந்தோர் அதே காலத்தில் 8 பேரிலிருந்து 13 பேரளவாக உயர்ந்தனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும், அவ்வோராண்டிலேயே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டதும் இவ்விறக்கத்தை விரைவுபடுத்தின என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை தோன்றுமுன்பே சரிவு தொடங்கிவிட்டது.

இவையெல்லாம் நாட்டின் எண்கள். எமது பகுதியின் எண்கள் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்போர் மிகச் சிலர். 1981 இலே குடிசன மதிப்பீடு நடந்தது. 1991 இல் நடக்கவில்லை. 2001 இல் நடந்ததாயினும் திருக்கோணமலை உட்பட வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் பலவற்றில் அது நிறைவெய்தவில்லை. 2012 இலேதான் மீண்டும் நாம் முழுமையாக எண்ணப்பட்டோம். முப்பத்தொரு ஆண்டுகள்! பெண்களின் மகப்பேறு பற்றி வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் அளவீடுகள் 1987 இலும் 1993 இலும் 2000 இலும் நடந்தன. மூன்றும் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குள் வரவில்லை. இலங்கைக் குடும்பம் இந்தக் காலத்திலும் தொடர்ந்து சிறுத்தது. ஆக, "இலங்கைக் குடும்பம் சிறுத்தது" என்று அறிஞர் எழுதியவை எம்மை நீக்கி எழுதியவை.

அந்த ஆண்டுகளில் தம்பலகாமத்து வீடுகளில் நிகழ்ந்தது அமைதியான சிறுத்தல் அன்று. 1986 ஏப்பிரலிலே கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் மாவட்டம் முழுவதிலும் இடப்பெயர்வுகள். வீட்டைப் பூட்டிக்கொண்டு அகதி முகாமுக்குப் போனவரும் உண்டு. படகேறித் தமிழகம் போனவரும் உண்டு. திருமணம் தள்ளிப்போன பெண்கள், கணவரை இழந்த இளம் பெண்கள், ஒரு பிள்ளையோடு நின்றுவிட்ட தாய்மார் ஆகியோரது குறைந்த மகப்பேற்றையும், கண்டியிலோ காலியிலோ விரும்பிச் சிறு குடும்பம் அமைத்துக்கொண்ட ஒருத்தியின் மகப்பேற்றையும் ஒரே சொல்லால் "வீழ்ச்சி" என்று குறித்தல் தகாது. ஒன்று தெரிந்தெடுத்தது, மற்றது பறிக்கப்பட்டது.

தெரிந்தெடுத்தது என்றேன். அஃது எவ்வாறு இயல்வதாயிற்று என்பதை இளைய வாசகர் அறிதல் நன்று. 1935 ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய் பரவிய ஆண்டு. அவ்வாண்டிலே இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதற் பிறந்தநாளைக் காணவில்லை. கொள்ளைநோய் இல்லாத 1946 இலும் அவ்வாறு மறைந்தவை ஆயிரத்துக்கு 141. அதே ஆண்டில் ஆயிரம் மகப்பேறுகளுக்குப் பதினைந்து தாய்மார் அளவில் இறந்தனர். கந்தளாய், தம்பலகாமம் முதலிய வறண்ட வலய ஊர்களில் காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. எட்டுப் பெற்று நான்கை வளர்த்தாள் என்று எங்கள் பாட்டிமாரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகின்றோம். மற்ற நான்கு எங்கே போயின என்று கேட்பதில்லை. அந்த நான்கும் தாயின் எண்ணத்திலே இருந்தன. சாவுக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்தே அவள் பெற்றாள்.

1946, 1947 ஆம் ஆண்டுகளிலே டி.டி.ரி. மருந்து நாடெங்கும் தெளிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 20 இலிருந்து 14 ஆக விழுந்தது. உலகம் வியந்து பேசிய வீழ்ச்சி அது. 1926 இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவுகள் படிப்படியாகப் பெருகி, ஊர்தோறும் மருத்துவமாது ஒருத்தி கதவைத் தட்டும் நிலையை உண்டாக்கின. இன்று ஆயிரத்துக்குப் பத்துக் குழந்தைகள்கூட முதலாண்டில் இறப்பதில்லை. 2016 இலே இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. பெற்ற பிள்ளை தங்கும் என்னும் உறுதி வந்தபின்பே தாய் குறைவாகப் பெறத் துணிந்தாள்.

மற்றொரு காரணம் பள்ளிக்கூடம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இலே வந்தது. 1946 இற் பெண்களின் சராசரித் திருமண வயது 21க்குச் சற்றுக் குறைவு. 1981 இல் அது 24ஐத் தாண்டியது. குடும்பத் திட்டச் சங்கம் 1953 இலே தோன்றியது. அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றது 1965 இல். மருந்தும் கருவியும் உதவின என்பது உண்மையே. எனினும் க.பொ.த. சாதாரண தரம் எழுதும்வரை பள்ளியில் இருந்த பெண்ணே இந்நாட்டின் குடும்ப அளவை மாற்றினாள் என்பது என் கருத்து. ஆசிரியர்களே, இவ்வீழ்ச்சியில் உங்களுக்கும் பங்குண்டு. அதற்காக நாணுதல் வேண்டா.

இனி எமது மேடைகளில் இக்காலத்திலே கேட்கும் ஒரு பேச்சைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "நாம் குறைகின்றோம், அவர்கள் கூடுகின்றார்கள், ஆகவே பிள்ளைகளைப் பெறுங்கள்" என்பது அந்தப் பேச்சு. தமிழ் மேடையில் "அவர்கள்" ஒருவர், சிங்கள மேடையில் வேறொருவர், பேச்சு ஒன்றே. மூவினத்தவரும் ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிட்டு வேளாண்மை செய்யும் தம்பலகாமம் போன்ற பிரதேசத்தில் இப்பேச்சு எத்தகைய நஞ்சு என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியிலே அம்பாறை நகரில் நிகழ்ந்ததை நினைவுகூர்ந்தாற் போதும். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்படுகின்றது என்று ஒரு வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்து, அது மாவுக்கட்டியேயன்றி மாத்திரை அன்று என்றார். உண்டவனை உண்டபொழுதே மலடாக்கும் மாத்திரை உலகில் இல்லை என்பதை விஞ்ஞானம் படித்த மாணவன் எவனும் சொல்வான். அச்சம் கேட்பது விஞ்ஞானத்தையன்று. பிறப்புக் கணக்கைப் படைக்கணக்காகப் பார்க்கப் பழகிய மனம் மாவுக்கட்டியிலும் சூழ்ச்சியையே காணும். பழகியவர் பெரும்பான்மையினர் மட்டுமல்லர் என்பதையும் நாம் ஒத்துக்கொள்ளல் வேண்டும்.

தமிழகத்திலும் இதன் மெல்லிய சாயல் தெரிகின்றது. அங்கே 2020 இலே மகப்பேற்று வீதம் 1.4 என மதிப்பிடப்பட்டது. குடித்தொகையைக் கட்டுப்படுத்தியமைக்குத் தண்டனையாகப் பாராளுமன்றத் தொகுதிகள் குறையுமோ என்னும் அச்சத்தை 2024 இல் ஒரு திருமண விழாவிலே அக்காலத்து முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் எழுப்பி, பதினாறு பெறும் வாழ்த்தினை நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். தொகுதிக் கவலை நியாயமானது; அதனைத் தீர்க்க வேண்டிய இடம் பாராளுமன்றம். அந்தப் பழைய வாழ்த்திற் சொல்லப்படும் பதினாறும் பிள்ளைகள் அல்ல, கல்வி, புகழ், நோயின்மை முதலான பதினாறு பேறுகள் என்பதும், நன்மக்கள் அவற்றுள் ஒன்றே என்பதும் வாசகர் அறிந்தன. திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். பத்துக் குறளில் ஒன்றிலேனும் எத்தனை பிள்ளை என்னும் பேச்சில்லை. கருத்தடையைப் பற்றிப் பெரியார் எழுதியபொழுது, பிறர் அதனை நாட்டின் வறுமைக்கும் உடல்நலத்துக்கும் மருந்தாக வேண்டுகின்றனர், தாம் அதனைப் பெண்ணின் விடுதலைக்காக வேண்டுகின்றோம் என்று வேறுபடுத்திக் காட்டினார். கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் பெண்ணின் வயிற்றைக் கருவியாக்குவோர் இருசாராரும் அந்த வேறுபாட்டை மறந்தவரே.

அவ்வாறாயின் கவலைப்பட ஒன்றுமில்லையா? உண்டு. பிறப்புக் குறைந்தது, கடமை குறையவில்லை. கவலை அங்கேதான் இருக்கின்றது.

எங்கள் பேச்சுவழக்கிலே "பெறாமகன்", "பெறாமகள்" என்னும் சொற்கள் உள்ளன. உடன்பிறந்தாரின் பிள்ளைகளைக் குறிப்பன. பெறாமலே பிள்ளையானவர் என்பது பொருள். மகப்பேறு இல்லாதவர்க்கும் பிள்ளையைக் கொடுத்த சொல் இது. ஒற்றைப் பிள்ளையாய்ப் பிறந்தவருக்குப் பெறாமக்கள் இல்லை. அவருடைய பிள்ளைக்குத் தாய்மாமனோ, பெரியப்பாவோ, சின்னம்மாவோ அவர் வழியில் இல்லை. சாமத்தியச் சடங்கில் மாமன் செய்ய வேண்டியதை யார் செய்வார் என்று ஒன்றுவிட்ட உறவுகளிலே தேடுகின்றனர். அவரும் கனடாவில் இருந்தால் அழைப்பிதழில் பெயர் மட்டும் இருக்கும். உறவுப்பெயர்கள் அகராதிக்குப் போகும் காலம் வருகின்றது. அகராதி தொகுப்போர் இப்பொழுதே கிழக்கின் வழக்குகளைக் குறித்து வைத்தல் நன்று; இஃது இலக்கிய வட்டங்களுக்கு நான் இடும் விண்ணப்பம்.

சடங்கு ஒருவாறு நடந்துவிடும். முதுமை அவ்வாறன்று. கிழக்கிலே பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றார் கடமை. மணமான பெண் தாய்வீட்டின் அயலிலே வாழ்வாள். தமிழரும் முஸ்லிம்களும் இவ்வழக்கில் ஒருவரே. நான்கு பெண் பிறந்தால் நான்கு வீடு. தமையன்மார் தம் இளமையைத் தங்கைமாரின் சுவர்களுக்குள்ளே செலவிட்ட கதைகள் எத்தனை! சிறு குடும்பம் அந்தச் சுமையை நீக்கியது, வயலும் துண்டு துண்டாகச் சிதறாமல் நின்றது, இவை நன்மைகளே. ஆனால் அதே வழக்கு இப்பொழுது வேறொரு கணக்கை எழுதுகின்றது. ஒரே மகள், அவளுக்கு ஒரே வீடு, அவ்வீட்டில் அவளுடைய தாயும் தந்தையும். அவள் மணந்தவனும் ஒற்றை மகனாயின் அவன் பெற்றோரும் அவள் கையையே பார்ப்பர். நால்வர் முதியோர்; பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று அல்லது இரண்டு; அவளோ ஆசிரியை அல்லது அலுவலக எழுதுநர். விடிவதற்கு முன் எழுந்து, ஒருவருக்கு நீரிழிவு மருந்தும் ஒருவருக்குக் கஞ்சியும் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடும் பெண்ணை நீங்கள் உங்கள் பாடசாலையிலேயே காணலாம். அவளிடம் சென்று "இன்னும் இரண்டு பெறு" என்று சொல்வதற்கு எவருக்கு வாய் வரும்?

முன்பு மூன்று மக்கள் இருந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒருத்தியே பெற்றாரைப் பார்த்தாள் என்று சிலர் மறுப்பர். உண்மைதான். ஆயினும் மற்ற இருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்தனர், பணம் அனுப்பினர், அவள் நோயுற்றால் மாற்றாள் ஆயினர். இன்று மாற்றாள் இல்லை. வளைகுடா நாட்டு வீட்டுவேலைக்கு அவள் சென்றுவிட்டாலோ, பேரப்பிள்ளையைப் பாட்டியும், பாட்டியைப் பேரப்பிள்ளையும் பார்த்துக்கொள்கின்றனர்.

சட்டம் என்ன சொல்கின்றது? முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், பெற்றாரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்றும், பராமரிப்புக் கேட்டு முதியவர் சபையொன்றில் முறையிடலாம் என்றும் வகுத்தது. நல்ல சட்டம். அச்சட்டம் எழுதப்பட்டபொழுது பிள்ளைகள் என்னும் பன்மை அதில் இயல்பாக அமைந்தது. விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டத்துக்கு 1987 இலே சட்டம் இயற்றப்பட்டது. வயலை மட்டும் நம்பி முதுமையடையும் ஒருவரைத் தனியே தாங்கும் தொகை அன்று அது. மகப்பேற்று விடுமுறையிற்கூட 2018 வரையிலும் தனியார் துறையில் மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்களே கொடுக்கப்பட்டன. அவ்வாண்டின் திருத்தமே எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள்கள் என்றாக்கியது. குறைவாகப் பெறுக என்று நேற்றுவரை குறிப்பாற் சொன்ன நாடு இது. தென்கொரியா பிறப்பைக் கூட்டப் பல ஆண்டுகளாகப் பெரும் பணம் செலவிட்டும் 2023 இலே அங்கு வீதம் 0.72 ஆக வீழ்ந்தது. பணம் கொடுத்துப் பிள்ளை வாங்க இயலாது போலும்.

இயலக்கூடியது ஒன்றைச் சொல்கின்றேன். மாணவர் தொகை குறைந்த சிறு பள்ளிகளை இணைப்பது பற்றி நாடெங்கும் பேசப்படுகின்றது. இணைக்க வேண்டிய இடத்தில் இணைக்கட்டும். பிள்ளைக்குப் பேருந்து வசதி செய்யாமல் இணைத்தல் மட்டும் கூடாது. ஆனால் வெறுமையாகும் கட்டடத்தைப் பூட்டிச் சாவியைக் கோட்டக் கல்வி அலுவலகத்தில் தொங்கவிடாதீர்கள். ஒரு வகுப்பறையில் முதியோர் பகற்பொழுதைக் கழிக்கட்டும். அடுத்ததிற் குழந்தைகள் காப்பகம் இருக்கட்டும். மருத்துவமாது கிழமைக்கு ஒருநாள் அங்கே வரட்டும். பாலம்போட்டாற்றிலோ முள்ளிப்பொத்தானையிலோ இத்தகைய ஓரிடம் அமைந்தால், மேலே சொன்ன பெண்ணின் பகல் எட்டு மணி நேரம் இலேசாகும். பிரதேச சபையின் அளவுக்குள் அடங்கும் காரியம் இது.

இந்த மாவட்டத்துக் கதைகளில் இன்றும் மிகுதியாக வருபவள் பல பிள்ளைகளைப் பெற்று வறுமையோடு போராடும் தாய். அவள் எங்கள் பாட்டி. அவளை எழுதியாயிற்று. நால்வர் முதியோரிடையே நிற்கும் ஒற்றை மகளை எழுதியவர் சிலரே.

ஆசிரியர்களிடம் மற்றொன்றை வேண்டுகின்றேன். மேலே சொன்ன முப்பத்தொரு ஆண்டுகளிலும் எமது பிள்ளைகளை ஒழுங்காக எண்ணியது ஒன்றே ஒன்று: பாடசாலைச் சேர்விடாப்பு. எரிந்தவையும் கறையான் தின்றவையும் போக எஞ்சியவை இன்னும் அதிபர் அறை அலுமாரிகளிலே கிடக்கின்றன. எந்த ஆண்டில் முதலாம் வகுப்பிற் சேர்ந்தோர் எத்தனை பேர், ஒரே தந்தையின் பெயரில் எத்தனை பிள்ளைகள் அடுத்தடுத்து வந்தனர், எந்த ஆண்டில் "விலகியமைக்குக் காரணம்" என்னும் நிரலில் இடப்பெயர்வு என்று வரிசையாக எழுதப்பட்டது என்பவற்றை அவற்றிலிருந்து அறியலாம். உயர்தர மாணவர் இருவரை உடன் வைத்துக்கொண்டு ஒரு விடுமுறைக்குள் முடிக்கத்தக்க வேலை அது. 1981 முதல் 2012 வரையுள்ள ஆண்டுகளுக்கு எடுத்துத் தருவோரின் கட்டுரைகளை இப்பகுதியில் வெளியிடுவோம். பிள்ளைகளின் பெயர்கள் வேண்டா. ஆண்டும் தொகையும் இருந்தாற் போதும்.